அரை மில்லிமீட்டர் சுரண்டல்

அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வில்லை இனி யாரும் நாணேற்றிப் பார்க்க முடியாது. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பு நிலத்தில் 1944-இல் கிடைத்தது அது. எல்ம் மரத்தில் செய்தது. நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், வயது ஏறத்தாழ 9,000 ஆண்டுகள். காற்றுப் புகாத ஈரச்சேறு அதை மட்கவிடாமல் காத்தது. ஆனால், இத்தனை காலம் ஊறிய மரத்தில் உருவம் மிஞ்சியதே தவிர வலு மிஞ்சவில்லை. அது எப்படி வளைந்தது என்று அறிய வேண்டுமானால், அதே போல இன்னொன்றைச் செய்துதான் பார்க்க வேண்டும்.

மெல்லிய அடிமரத்தை நீளவாக்கில் பிளந்து, பட்டையை உரித்து, உலரவிட வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் மேற்பரப்பில் அதன்பின் கருவி படவே கூடாது. நாணை இழுக்கும்போது குறியைப் பார்க்கும் பக்கம் இழுபடும், எய்பவரைப் பார்க்கும் பக்கம் நசுங்கும். இழுபடும் பக்கத்தில் ஒரு நார் அறுந்திருந்தாலும் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். உலோகமே அறியாத அந்தக் கைவினைஞர் இதை அறிந்திருந்தார். மரத்தின் இயல்பான வெளிப்பரப்பை அப்படியே விட்டுவிட்டு, உட்பக்கத்தையும் ஓரங்களையும் மட்டுமே செதுக்கியிருக்கிறார். என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

மூல வில்லின் அளவுகளை அப்படியே எடுத்துச் செதுக்கினால் போதாதா? போதாது. தட்டையான ஒரு மரத்துண்டின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். 15 மி.மீ. தடிமனில் அரை மில்லிமீட்டரைச் சுரண்டினால், அந்த இடத்தின் விறைப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்துவிடும். எந்த இரண்டு மரமும் ஒன்றுபோல் வளர்வதில்லை. அளவுகோல் ஒரு கட்டம் வரைதான் உதவும், அதற்குப் பிறகு கண்ணை நம்ப வேண்டியதுதான். கொஞ்சம் இழுத்து, எட்ட நின்று பார்த்து, விறைத்திருக்கும் இடத்தில் மட்டும் சுரண்டி, மறுபடி இழுக்க வேண்டும். ஓரிடம் மட்டும் அதிகமாக வளைந்தால் அங்கே கை வைக்கக் கூடாது. அதன் இருபுறமும் சுரண்ட வேண்டும். 'முடிப்பு வேலை' என்றால் மெருகு போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான முடிப்பு வேலை இந்தச் சுரண்டல்தான்.

ஹோல்மகோர் வில் என்ற பெயரில் செய்யப்படும் நகல்கள் பலவற்றில் வில்லின் கைகள், அதாவது பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகள், பாதிக்கு மேல் சட்டென்று ஒடுங்கி, குச்சிபோல் நீள்கின்றன. அந்த வடிவம் டென்மார்க்கிலேயே கிடைத்த, காலத்தால் பிந்திய மொல்லகாபெட் வில்லுக்கு உரியது. ஹோல்மகோர் வில்லின் கைகள் நுனிவரை சீராகவே மெலிகின்றன. நகல் என்று சொல்லிக்கொண்டு இரண்டையும் கலப்பது, அந்த இரு கைவினைஞர்களுக்குமே செய்யும் அநீதி.

கடைசியில், கருவித் தடங்களைச் சுரண்டி நீக்கி, வழவழப்பான எலும்பால் அழுத்தித் தேய்த்து, விலங்குக் கொழுப்பைப் பூசுவார்கள். கொழுப்பு ஈரத்தை முழுவதும் தடுத்துவிடாது, உள்ளே போவதையும் வெளியேறுவதையும் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஈரம் ஏறிய வில், நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே கிடக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்த வில் இழுக்கும்போதே முறியும். அதனால், வில்லைச் செய்து முடித்த பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை கொழுப்பைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.