பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? முடிவு எடுக்கும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

திருப்பூர்,

"எம் பையன் இனிமே பள்ளிக்கூடமே போக மாட்டேங்கறானுங்க. வீட்ல வெச்சே படிக்க வெக்கலாம்னு செல்போன்ல ஒரு வீடியோ பார்த்தனுங்க. அப்படி செஞ்சா போலீஸ், கேசுன்னு வருமுங்களா?"

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் பெண் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. கணவர் கட்டிங் மாஸ்டர். மகனுக்கு 10 வயது. தனியார் பள்ளியில் 5-ம் வகுப்பு. இரண்டு டேர்ம் பீஸ் பாக்கி. அதற்காக பையனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் கிண்டல் செய்திருக்கிறார்கள். அன்று முதல் காலை 8 மணி ஆனால் பையனுக்கு வயிற்று வலி வந்து விடுகிறது.

இப்படி ஒரு பெற்றோர் மட்டும் அல்ல. கொரோனாவால் 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் இருந்தும் பிள்ளை படிக்கும் என்று பலருக்கு ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் சரிதானா? சட்டம் என்ன சொல்கிறது? அதன் விவரம் வருமாறு:-

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாய கல்வி உரிமை சட்டம் 2009-ம் ஆண்டு நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லா பிள்ளைகளுக்கும் இலவச கல்வி கொடுப்பது அரசின் கடமை. பிள்ளையை பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் அதில் சொல்லப்பட்டு இருக்கிறது.

ஆனால் அப்படி சேர்க்காத தாய்-தந்தைக்கு ஜெயில், அபராதம் என்று எந்த தண்டனையும் அந்த சட்டத்தில் இல்லை. எனவே போலீஸ் வருமோ என்று பயப்பட வேண்டியது இல்லை. அதற்காக, "வீட்டில் படிக்கலாம்" என்று எல்லோருக்கும் அனுமதி கொடுத்ததாகவும் அர்த்தம் இல்லை.

ஒரே ஒரு பிரிவினருக்கு மட்டும் சட்டமே அந்த உரிமையை கொடுத்து இருக்கிறது. கடுமையான ஊனம், ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் உள்ள பிள்ளைகள் விரும்பினால் வீட்டில் இருந்தே கல்வி பெறலாம் என்று 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் வட்டார வள மையத்துக்கு போய் கேளுங்கள். சிறப்பு பயிற்றுனர் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுக்க வழி இருக்கிறது.

மற்ற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அரசு கணக்கில் "பள்ளி செல்லா குழந்தை" என்றுதான் பெயர் ஏறும். கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். அவர்களிடம் மறைக்காமல் என்ன காரணம், என்ன படிக்கிறான் என்று நோட்டு புத்தகத்தோடு காட்டுவதுதான் நல்லது.

முதல் கேள்வி: ஏன்?

வீட்டில் வைத்து படிக்க வைப்பது என்று முடிவு செய்யும் முன், பள்ளிக்கூடமே வேண்டாமா அல்லது அந்த ஒரு பள்ளிக்கூடம் மட்டும் வேண்டாமா என்று யோசியுங்கள். இரண்டும் வேறு வேறு.

பிள்ளையை அடிப்பதும், மனம் நோக நடத்துவதும் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. அப்படி நடந்தால் முதலில் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் மாவட்ட கல்வி அலுவலர், முதன்மை கல்வி அலுவலர் வரை போகலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். பள்ளி கல்வித்துறையின் உதவி எண் 14417. பிள்ளை வேறு ஏதாவது பயத்தை வெளியே சொல்ல முடியாமல் தவித்தால் 1098-க்கு போன் செய்யுங்கள்.

பீஸ் பாக்கிக்காக டி.சி. தர மாட்டோம் என்று சொன்னால் அதற்கும் பணிய வேண்டாம். பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யை பயன்படுத்தக் கூடாது, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் தெளிவாக கூறி விட்டது. பாக்கி பாக்கிதான். அதை கேட்க அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. டி.சி. வரத் தாமதம் ஆகிறது என்று காரணம் சொல்லி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது.

பகலில் யார் இருப்பது?

வீடியோவில் சொல்லாத விஷயம் இதுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு தினமும் இரண்டு மூன்று மணி நேரமாவது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். செல்போனை கையில் கொடுத்து விட்டு ஒன்றரை ஷிப்டு வேலைக்கு போனால், பிள்ளை படிக்காது. வீடியோதான் பார்க்கும்.

திருப்பூரில் வீட்டிலேயே மிஷின் போட்டு தையல் வேலை செய்யும் தம்பதி ஒன்றை சந்தித்தோம். மகளுக்கு வீசிங் தொந்தரவு. மாதம் பத்து நாள் ஆஸ்பத்திரி. 6-ம் வகுப்பு பாதியில் இருந்து வீட்டில் வைத்து படிக்க வைத்தார்கள். அந்த தந்தை கூறியதாவது:-

"காலைல 7 மணிக்கு கணக்கு. 8 மணிக்கு தமிழோ இங்கிலீசோ வாய்விட்டு படிக்கணும். 10 மணிக்கு மேலதான் நாங்க மிஷின்ல உட்காருவோம். அவசர ஆர்டர் வந்தாலும் அந்த நேரத்த விட்டதில்லைங்க. எனக்கு புரியாத கணக்குக்கு பக்கத்து வீட்ல காலேஜ் படிக்கிற பொண்ணுகிட்ட அனுப்புவோம். புள்ள எட்டாவது பரீட்சை தனியா எழுதி பாஸ் பண்ணிட்டா. ஆனா ஒண்ணுங்க, கூட விளையாட ஆள் இல்லாம சாயந்திரம் ஜன்னலை புடிச்சுக்கிட்டு நிப்பா. அத பார்க்கத்தான் கஷ்டமா இருந்துச்சு."

அவர்களுக்கு முடிந்தது, வேலையும் வீட்டிலேயே இருந்ததால். தாய்-தந்தை இருவரும் கம்பெனிக்கு போகும் வீட்டில் பாட்டியோ, சித்தியோ, படித்த ஒரு ஆளோ இல்லாமல் இது நடக்காது.

கைவிட்டு போவது என்ன?

பீஸ் மிச்சம் என்று மட்டும் கணக்கு போடாதீர்கள். அரசு பள்ளி பிள்ளைக்கு கிடைப்பது வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு கிடைக்காது. இலவச புத்தகம், சீருடை, மதிய சத்துணவு, பஸ் பாஸ், தொடக்கப் பள்ளியில் 2022 முதல் வந்த காலை உணவு எல்லாம் பள்ளியில் பெயர் இருந்தால்தான்.

அதைவிட பெரியது ஒன்று உண்டு. அரசு பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை படித்தவர்களுக்கு மருத்துவ படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் கொண்டு வரப்பட்டது. 2021-ல் என்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. கல்லூரிக்கு போகும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. அவற்றுக்கும் 6-ம் வகுப்பில் இருந்துதான் கணக்கு.

அதாவது 6, 7-ம் வகுப்பை வீட்டில் படித்து விட்டு 8-ம் வகுப்பில் அரசு பள்ளிக்கு போனால், படிப்பு விட்டுப் போகாது. ஆனால் இந்த சலுகைகள் விட்டுப் போகும். 6-ம் வகுப்பு என்பது ஒரு எல்லைக்கோடு மாதிரி.

பரீட்சை எப்படி எழுதுவது?

வீட்டில் படித்தால் சர்டிபிகேட் கிடைக்காது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு. இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, தமிழக அரசு தேர்வுத்துறை நடத்தும் தனித்தேர்வு. 12½ வயது முடிந்த பிள்ளை நேரடியாக 8-ம் வகுப்பு தனித்தேர்வு எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று 5 பாடம். அதில் பாஸ் செய்த பிறகு வயது வந்ததும் எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம். இங்கே ஒரு விஷயத்தை மறந்து பலர் ஏமாந்து போகிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. அறிவியலில் 75 மார்க் எழுத்து தேர்வு, 25 மார்க் செய்முறை. தனித்தேர்வர்கள் செய்முறை பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிவு செய்து வகுப்புக்கு போயிருக்க வேண்டும். அரசு தேர்வுகள் சேவை மையத்தில் அறிவிப்பு வரும்போதே விசாரித்து விடுங்கள்.

இரண்டாவது வழி, மத்திய அரசின் தேசிய திறந்தநிலை பள்ளி. 1989-ல் தொடங்கிய நிறுவனம் இது. 14 வயது முடிந்தால் 10-ம் வகுப்புக்கும், 15 வயது முடிந்தால் பிளஸ்-2-வுக்கும் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பரீட்சை. 5 வருடத்துக்குள் 9 முறை எழுத வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாக எழுதி பாஸ் செய்யலாம். ஆனால் இந்த சான்றிதழ் தமிழக அரசு வேலைக்கு சமமானதா என்பதில் பிரச்சினை எழுந்தது உண்டு. அரசு வேலை ஆசை இருந்தால் தமிழக அரசின் தனித்தேர்வே பாதுகாப்பானது.

எப்படி சொல்லிக் கொடுப்பது?

எல்லாவற்றையும் யோசித்த பிறகும் வீடுதான் என்று முடிவு செய்தால், செய்ய வேண்டியவை:-

* பள்ளியில் இருந்து டி.சி., மார்க் சீட்டு, எமிஸ் நம்பர் மூன்றையும் வாங்கி பத்திரமாக வையுங்கள். பிறப்பு சான்றிதழ், ஆதாரில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

* அரசு பாடப்புத்தகத்தையே வையுங்கள். பரீட்சை கேள்வி அதில் இருந்துதான் வரும். இன்டர்நெட்டிலும் இலவசமாக கிடைக்கிறது.

* தினமும் ஒரே நேரம். கணக்கும் வாசிப்பும் ஒரு நாள் கூட விடக்கூடாது. தினத்தாளை சத்தமாக வாசிக்க சொல்லுங்கள். மளிகை பில்லை கூட்ட சொல்லுங்கள்.

* என்ன படித்தான் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை பழைய கேள்வித்தாளை கொடுத்து எழுத வையுங்கள்.

* கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆக்குங்கள். சாயந்திரம் மற்ற பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.

* மூன்று மாதம் பாருங்கள். முன்னேற்றம் இல்லை என்றால் கவுரவம் பார்க்காமல் பள்ளிக்கு அனுப்புங்கள்.

போர்டை பார்த்து ஏமாறாதீர்கள்

"ஹோம் ஸ்கூல்" என்று போர்டு மாட்டி, பத்து இருபது பிள்ளைகளை ஒரு வீட்டில் உட்கார வைத்து ஆயிரக்கணக்கில் பீஸ் வாங்கும் இடங்களிடம் உஷாராக இருங்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ரூ.1 லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. நாளை அந்த இடத்தை மூடினால் தெருவில் நிற்பது உங்கள் பிள்ளைதான்.

இன்னொரு விஷயம். வீட்டில் படிக்கிறான் என்று சொல்லி விட்டு பிள்ளையை கை மடிக்கவும், பிசிறு வெட்டவும் கம்பெனிக்கு கூட்டிப் போகக்கூடாது. 14 வயதுக்கு கீழ் உள்ளவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.20 ஆயிரம் முதல் ரூ.50 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சொந்த குடும்ப தொழிலில் உதவுவதற்கு கூட பள்ளி நேரம் போக மீதி நேரம்தான் சட்டம் அனுமதிக்கிறது.

கதவு மூடவில்லை

பல பெற்றோருக்கு தெரியாத நல்ல செய்தி இது. 14 வயது வரை, படிப்பு நின்ற பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் பள்ளியில் சேர்க்கலாம். வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். விட்டுப் போன பாடத்துக்கு தனி பயிற்சி கொடுக்க வேண்டும். வருடத்தின் நடுவில் வந்தார்கள், வயது சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது.

இதை எல்லாம் செக்கிங் வேலை பார்க்கும் அந்த தாயிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் வீட்ல இருந்தா ஒரு ஆள் ஷிப்டு போயிருமுங்க. வாடகையே கட்ட முடியாது. பாட்டி ஊர்ல இருக்காங்க, அவங்களுக்கு எழுத படிக்க தெரியாதுங்க" என்றார்.

கணவரோடு பேசி விட்டு இரண்டு நாள் கழித்து போன் செய்தார். இந்த 5-ம் வகுப்பை எப்படியாவது முடித்து, ஜூன் மாதம் வீட்டுக்கு பக்கத்தில் உள்ள அரசு நடுநிலைப் பள்ளியில் 6-ம் வகுப்பில் சேர்ப்பதாக முடிவு. அதுவரை மகனை வெளியே நிற்க வைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுக்க, அரை நாள் லீவு போட்டு இருவரும் பள்ளிக்கு போகிறார்களாம்.

"பையன்கிட்ட சொன்னனுங்க. அங்கயும் வெளிய நிக்க வெப்பாங்களாம்மான்னு கேட்டானுங்க. பீஸே கெடையாது சாமி, அப்புறம் எதுக்கு நிக்க வெக்கறாங்கன்னு சொன்னேன். அன்னிக்கு காலைல வயித்து வலி வரலைங்க" என்றார்.