வட்டப் படகின் கணக்கு

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை கொள்ளிடம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது மணல்வெளிதான். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் உபரி நீரைத் திறந்துவிட்டால் கரை புரளும்; வரத்து நின்றதும் மறுபடி மணல் திட்டும் ஓடையுமாகிவிடும். இப்படி வந்து போகிற ஆற்றுக்காகப் பலகைப் படகு கட்டி, மீதி நாளெல்லாம் வெயிலில் காயப்போடுவது கட்டுப்படியாகாது. அதற்கு ஏற்றது பரிசல். ஒகேனக்கல்லில் சுற்றுலாக்காரர்களும் மேட்டூர் அணையில் மீனவர்களும் ஏறுகிறார்களே, அதேதான்.

மூங்கில் எலும்புக்கூடு, அதன்மேல் ஒரு தோல்: விஷயம் இவ்வளவே. மரம் அரிதான கிரீன்லாந்தில் இனுயிட் மக்கள் கடலில் ஒதுங்கிய கட்டைகளைச் சட்டமாகக் கட்டி, சீல் தோல் போர்த்திச் செய்த கயாக்கும் இதற்கு உறவுதான். அது வேட்டைக்காக ஒல்லியாக நீண்டது. இது பாரம் சுமக்க வட்டமானது. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், பதினைந்து இருபது பேரை ஏற்றிக்கொண்டு சுழன்று சுழன்று போகும் தோல் போர்த்த கூடைப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வீட்டு வாசலிலேயே கட்டலாம். பச்சை மூங்கிலைப் பிளந்து பத்தையாகச் சீவ வேண்டும். மூங்கிலில் நார் அடர்ந்திருப்பது வெளிப்புறத்தில். அந்தப் பச்சைத் தோலைச் சீவி எறிந்தால் வலுவே போய்விடும். பத்தைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவில் கல்லைத் தூக்கி வைத்து, நுனிகளை மேலே வளைக்கிறார்கள். சுற்றிலும் பட்டை பின்னி வர, விளிம்பு மட்டும் தடிமனாக முறுக்கிக் கட்டப்படும். ஓர் ஆணி கிடையாது. பாறையில் மோதினால் சட்டம் நெளிந்து கொடுத்துவிடுகிறது. ஆணி அடித்த பலகையாக இருந்தால் பிளந்திருக்கும்.

முன்பு எருமைத்தோல். இப்போது பிளாஸ்டிக் தாளோ தைத்த சாக்கோ போர்த்தி, மேலே காய்ச்சிய தார். கிழிந்தால் ஒரு துண்டு ஒட்டித் தார் பூசினால் போதும்.

எடை தாங்குமா? இரண்டு மீட்டர் விட்டமுள்ள தட்டையான அடிப்பரப்பு சுமார் 3.14 சதுர மீட்டர். அது 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் விலகும் தண்ணீர் ஏறக்குறைய 314 கிலோ. அவ்வளவு எடையையும் தாங்கும். அதாவது நாலு பேர் உட்கார்ந்தும் முழங்கால் தண்ணீரில் தரை தட்டாமல் போகும். மணல் ஆற்றுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வட்டத்துக்கு மூக்கும் கிடையாது, வாலும் கிடையாது என்பதுதான் சங்கடம். பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் பரிசல்காரர் போகவேண்டிய திசையைப் பார்த்து உட்கார்ந்து, முன்னால் துடுப்பை விட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். புதிதாகக் கட்டியவர் இதை ஏரியில் பழகிக்கொள்வது நல்லது, அதுவும் உயிர்காக்கும் சட்டையோடு. கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு.