கீஃப்ரேமும் வளைகோடும்: அசைவூட்டத்தில் எடையுணர்வு

காணொளித் தொகுப்பு மென்பொருளில் ஓர் உருவை நகர்த்த விழைபவர் தொடக்கநிலை, இறுதிநிலை என இரு கீஃப்ரேம்களையே குறிக்கிறார். இடைப்பட்ட சட்டகங்களை மென்பொருள் கணித்து நிரப்புகிறது. முதன்மை ஓவியர் முக்கிய நிலைகளை வரைய, உதவி ஓவியர் இடைநிலைகளை வரைந்த பழைய முறையின் தொடர்ச்சியே இது. கனடாவில் பீட்டர் ஃபோல்டெஸ் உருவாக்கிய 'ஹங்கர்' (1974) குறும்படத்தில் அவ்விடைநிலைகளைக் கணினி வரைந்தது.

எனினும், அசைவின் இயல்பைத் தீர்மானிப்பது இரு கீஃப்ரேம்களை இணைக்கும் கோடே ஆகும். மேலிருந்து விடப்பட்ட பந்தொன்று 24 சட்டகங்களில் தரையை அடைவதாகக் கொள்ளலாம். நேர்கோட்டு இணைப்பில் அது 12ஆம் சட்டகத்தில் பாதித் தொலைவைக் கடந்திருக்கும். புவியீர்ப்பின்படியோ காற்பங்கையே கடந்திருக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் முன்னது கயிற்றில் கட்டி இறக்கப்படுவதாகவே தோன்றும்.

கடந்த தொலைவைக் காலத்திற்கேற்ப வரையும்போது கோட்டின் சாய்வு வேகத்தைக் குறிக்கிறது. மென்பொருள் ஒரே சொடுக்கில் தரும் 'ஈஸி ஈஸ்' இரு முனைகளிலும் கோட்டைக் கிடையாக்கிவிடுகிறது. ஆகவே தரையை நெருங்கும் பந்து இறகுபோல் தயங்குகிறது. இங்குத் தொடக்கமுனை மட்டுமே கிடையாக இருத்தல் வேண்டும். இறுதிமுனையின் பெசியர் கைப்பிடியைச் சரிவாக்கினால், கீஃப்ரேம்கள் இடம்பெயராமலேயே பந்து எடை பெறுகிறது.