கிணற்றுக்கும் கடலுக்கும் ஒரே கேமரா போதுமா?

கோயமுத்தூர்க்காரருக்குக் கடல் தூரம். ராமேஸ்வரமோ புதுச்சேரியோ போய் வர வருஷத்துக்கு ஒரு தடவை லீவு கிடைத்தால் பெரிய விஷயம். ஆனால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோப்புக்குத் தோப்பு கிணறு இருக்கிறது. கோடை பிறந்தால் பிள்ளைகள் அதிலேயே ஊறிக் கிடக்கிறார்கள். ஆகவே தண்ணீருக்கடியில் படம் எடுக்கக் கேமரா வாங்கும் நம்மூர் ஆள், முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: இந்தக் கேமரா பெரும்பாலும் எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறது? கடையில் எடுத்த எடுப்பில் சொல்லும் மெகாபிக்சல் கணக்கைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

கையிலிருக்கும் செல்போனே போதாதா என்று பலர் கேட்பார்கள். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது, புதுப் போனை அசையாத நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்த சோதனை. சாம்சங் போன்களுக்குப் பொதுவாக ஒன்றரை மீட்டர், அரை மணி நேரம். சமீபத்து ஐபோன்களுக்கு 6 மீட்டர், அதே அரை மணி. இரண்டு முறை கீழே விழுந்த போனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியிலும் வராது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் பை, இடுப்பளவு ஓடையில் நின்று எடுக்கச் சரி. முங்கினால் தொடுதிரை வேலை செய்யாது. பையின் சுருக்கம் படத்தில் விழும்.

அடுத்த படி ஆக்‌ஷன் கேமரா. கோப்ரோ ஹீரோ 13 பிளாக் உறையில்லாமல் 10 மீட்டர் வரை தாங்கும். 2024இல் வந்த குட்டி ஹீரோவுக்கு 5 மீட்டர்தான். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4க்கு 18 மீட்டர், ஆக்‌ஷன் 5 புரோவுக்கு 20. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது; அதாவது 33 அடி ஆழத்தில் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூச்சுப் பிடித்து முங்குகிறவர் அவ்வளவு ஆழம் போவது அபூர்வம். காகிதத்தில் குட்டி ஹீரோவைத் தவிர மற்ற கேமராவெல்லாம் பாஸ்.

சிக்கல் குதிப்பதில் இருக்கிறது. கிணற்று மேட்டிலிருந்து 20 அடி கீழே குதித்தால், தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் ஆழக் கணக்கு மெதுவாக ஏறும் அழுத்தத்துக்கானது. குதிக்கும்போது தண்ணீர் விடும் அறைக்கு அது பொறுப்பில்லை. பேட்டரி மூடி துளி விலகினாலும் கதை முடிந்தது. தலையில் மாட்டிக்கொண்டு குதிப்பவர் கட்டாயம் தனி உறை வாங்க வேண்டும். 40 முதல் 60 மீட்டர் வரை தாங்கும் உறைகள் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன; கல்கட்டில் உரசினாலும் லென்ஸ் பிழைக்கும். கூடவே ஒரு மிதவைப் பிடியும் வாங்குங்கள். எண்பதடிக் கிணற்றில் கை நழுவிய கேமராவை எடுக்க மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைக்கத்தான் வேண்டும்.

இனி வெளிச்சம். படத்தின் தலையெழுத்து இதில்தான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சுமார் 5 மீட்டரிலேயே அது பெரும்பாலும் காணாமல் போகிறது. கடலில் எல்லாம் நீலமாகவும், பாசி படிந்த கிணற்றில் எல்லாம் பச்சையாகவும் தெரிவது இதனால்தான். நீலக் கடலுக்குச் சிவப்பு ஃபில்டர், பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா ஃபில்டர். சிவப்பை வாங்கிக் கிணற்றில் போட்டுவிட்டு கேமராவைத் திட்டுகிறவர்கள் உண்டு. கிணற்றுக்குள் வெயில் நேராக இறங்குவது உச்சி வேளையில் மட்டும். பதினொன்றிலிருந்து ஒன்றரைக்குள் எடுத்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்துக்குப் பெரிய சென்சார் கைகொடுக்கும். ஆக்‌ஷன் 4இல் இருப்பது 1/1.3 அங்குலச் சென்சார், அந்த வகையில் பெரியதுதான். டார்ச் வைப்பதானால் லென்ஸை ஒட்டி வைக்காதீர்கள். தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்ததுபோல் வெள்ளையாகப் பதியும். கையை நீட்டிப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். எதுவானாலும் ஒரு மீட்டருக்குள் நெருங்கி எடுங்கள். 4கே வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுத்தால் 8 மெகாபிக்சல் படம் கிடைக்கிறது. ஜிலேபி மீன் கேமராவைப் பார்க்கும் அந்த நொடிக்கு அதுவே நல்ல வழி.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைச் சிற்றுயிர்கள் மீது ஆசை இருந்தால் ஓஎம் சிஸ்டம் டிஜி-7 இருக்கிறது. 15 மீட்டர் தாங்கும், லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதையும் எடுக்கும். விலை இருபது, இருபத்தைந்தாயிரம் ரூபாய் பட்ஜெட்டுக்கு எட்டாது. பழைய ஒலிம்பஸ் டிஜி-6 செகண்ட் ஹேண்டில் வந்தால் பார்க்கலாம். ஆனால் பிரித்து ரிப்பேர் பார்த்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் வேண்டாம்.

வாங்கி வந்ததும் உறைக்குள் கேமரா வைக்காமல் ஒரு டிஷ்யூ பேப்பரை மட்டும் போட்டு மூடி, கல் கட்டி, தோட்டத்துத் தொட்டியில் அரை மணி அமிழ்த்துங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் கேமராவை நம்பி வைக்கலாம். ரப்பர் வளையத்தில் ஒரு முடி, ஒரு மணல் துகள் கிடந்தாலும் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள். நம்மூர் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அப்படியே காய விட்டால் லென்ஸில் வெள்ளைப் படலம் கட்டும். கடலிலிருந்து வந்தாலும் கிணற்றிலிருந்து வந்தாலும், குடிக்கிற நல்ல தண்ணீரில் அரை மணி ஊற வைத்துத் துடைப்பது நல்லது. ராமேஸ்வரம் போகிறவர்கள் உறையைக் கோவையிலேயே மூடிக்கொண்டு போகலாம். கடற்கரையின் ஈரக்காற்றை உள்ளே அடைத்தால் கண்ணாடி பனிக்கும்.

இருபது, இருபத்தைந்தாயிரம்தான் கையில் இருக்கிறது என்றால், ஒரு தலைமுறை பழைய ஆக்‌ஷன் கேமராவை இந்திய பில்லோடு வாங்கி, மிச்சத்தை உறைக்கும் மிதவைக்கும் நல்ல மெமரி கார்டுக்கும் வையுங்கள். டார்ச் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். கிணற்றில் இறங்குமுன் மோட்டார் ஸ்விட்சை அணைத்து, மேலே ஒருவரை நிறுத்துங்கள். அமராவதி அணையில் முதலைகள் உண்டு. மேட்டுப்பாளையத்தில் பவானி அமைதியாகத் தெரிந்தாலும், பில்லூர் அணை திறந்தால் சில நிமிஷங்களில் வெள்ளம் ஏறும். அங்கே கேமராவோடு இறங்காதீர்கள்.