உங்களுக்குத் தெரியுமா? சரளைக் குழியில் கிடைத்த கற்கருவி

தில்லியில் பஹாப்பூர்ப் பாறையொன்றில் அசோகச் சக்கரவர்த்தியின் சாசனம் 1966-இல் வெளிப்பட்டது, குடியிருப்பு நிர்மாணத்துக்கான வேலை நடந்தபோதுதான்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக்காக வெட்டப்பட்ட குழியொன்றில், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் பூகர்ப்ப சாஸ்திர நிபுணர், பாரத தேசத்தின் பழைய கற்கால ஆராய்ச்சிக்கே அஸ்திவாரமாக அமைந்த கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே அவர் கண்டறிந்த அதிரம்பாக்கம் என்னும் தொல்லிடத்தின் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுத் தொன்மையுடையவை என்று 2011-இல் வெளியான ஆய்வு நிர்ணயித்திருக்கிறது. எவ்வளவு மகத்தான பிதுரார்ஜிதம் இது!

கருவி எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதே அதன் காலத்துக்குப் பிரதான சாட்சியாதலால், தோண்டும் யந்திரம் அடுக்குகளைக் கலைத்துவிட்டபின் எஞ்சும் கல்லைக் கொண்டு காலத்தை நிச்சயிப்பது பெரும்பாலும் அசாத்தியம். இங்கிலாந்தில் 1990 முதல், திட்ட அனுமதிக்கு முன்பே தொல்லியல் மதிப்பீட்டைக் கோரும் கொள்கை நடைமுறையில் உள்ளது. அதுபோலவே, உங்கள் ஊரில் சரளைக் குவாரிக்கு விண்ணப்பம் வந்தால், தொல்லியலாளர் நிலத்தை நடந்து பார்த்துச் சோதனைக் குழியிட்ட பிறகே அனுமதி வழங்குமாறு மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்.