பலகை மேல் ஒரு ரயில் பாதை



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தோட்டத்து மண்டபத்தில் மாணவர் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதில் நாங்கள் சிலர் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு மாதிரி ரயில் பாதையை அமைத்திருந்தோம். எட்டடி நீளம், இரண்டடி அகலம். ஒரு கோடியில் தைப்பிங். மறு கோடியில் கடலோரத்துப் போர்ட் வெல்ட். நடுவே சதுப்புநிலக் காடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர்கள் எல்லாரும் கூடி நின்றார்கள். ரயில் தைப்பிங்கை விட்டுக் கிளம்பியது. காட்டைத் தாண்டியது. போர்ட் வெல்டுக்கு ஒன்றரைச் சாண் தூரம் இருக்கையில் முனகிக்கொண்டே நின்றுவிட்டது.

“ஒயர் இழுத்தது யாரு?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. எல்லாருடைய கண்களும் மூன்றாம் படிவத்தில் படிக்கும் ஒரு பையனின் மேல் விழுந்தன. அவன்தான் பலகைக்கு அடியில் படுத்து ஒரு வாரம் வேலை செய்தவன். “தெரியாத வேலையில கை வைக்காதேன்னு சொன்னேனே, கேட்டியா?” என்று அவனுடைய தாயார் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அது எல்லாருக்கும் கேட்டது.

உண்மையில் தவறு அவனுடையது அன்று, எங்களுடையது. அது என்ன தவறு, எப்படி அகப்பட்டது என்பதற்குப் பின்னால் வருவோம். இப்படிப்பட்ட பாதை ஒன்றை எப்படிக் கட்டுகிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை சென்ற பாதைதான் மலாயாவில் போடப்பட்ட முதல் ரயில் பாதை. 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி அது திறக்கப்பட்டது. லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதற்காகவே போடப்பட்டது. நீளம் எட்டு மைல். இன்று அந்தத் தண்டவாளம் இல்லை. போர்ட் வெல்டின் பெயரும் கோலா செப்பெத்தாங் என்று மாறிவிட்டது. ஆனாலும் பழைய நிலையத்தின் பெயர்ப் பலகை அங்கே நிற்கிறது. ரூமி, ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் ஊரின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பலகையைச் சிறியதாக எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசையினால்தான் பிள்ளைகள் இந்தப் பாதையையே தேர்ந்தெடுத்தார்கள்.

மாதிரி ரயிலில் முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு. பரவலாக உள்ள ஓர் அளவு, உண்மையில் 87 பங்கில் ஒரு பங்கு. அதன்படி எட்டு மைல் பாதையை அப்படியே செய்தால் ஏறத்தாழ 150 மீட்டர் நீளம் வேண்டும்! ஆகவே இரண்டு முனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் உள்ளதைச் சுருக்கிவிடுகிறோம். தண்டவாளத்தின் அகலத்திலும் ஒரு சங்கடம் உண்டு. நம் நாட்டு ரயில் மீட்டர் பாதையில் ஓடுவது. இந்த அளவில் அது 11.5 மில்லிமீட்டராக வரும். சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் மீட்டர் பாதைகளுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள், ஆனால் விலை அதிகம். நாங்கள் எங்கும் எளிதாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தையே வாங்கினோம். அது பார்வைக்கு நம் பாதையைவிட அகலமானது. கண்காட்சிக்கு வந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்.

அடுத்தது அடிப்பலகை. வீட்டில் நிலையாக இருக்கும் பாதைக்கும், லோரியில் ஏற்றிக்கொண்டு போகும் பாதைக்கும் வேற்றுமை இங்கேதான். எட்டடிப் பலகையை ஒரே துண்டாகச் செய்தால் வாசலில் நுழைப்பது கடினம். ஆகவே நாலடியாக இரண்டு. மேலே 9 மில்லிமீட்டர் பிளைவுட். அடியில் மூன்றங்குலச் சட்டத்தால் நாற்புறமும் அடைப்பு, குறுக்கே இரண்டு சட்டங்கள். ஒயர் செல்வதற்குக் குறுக்குச் சட்டங்களில் முன்கூட்டியே துளை போட்டுவிட வேண்டும். பிறகு போட முயன்றால் துளைக்கும் கருவி உள்ளே நுழையாது. நாங்கள் பட்ட பாடு அது.

இரண்டு பலகைகளும் சேரும் இடத்தில் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் வண்டி கவிழ்ந்துவிடும். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. பலகைகளைப் போல்ட்டு போட்டு இறுக்கிய பின், விளிம்புக்கு இரு பக்கமும் பித்தளைத் திருகாணிகளை இறக்கி, அவற்றின் தலையில் தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் விளிம்புக்கு நேராகத் தண்டவாளத்தை மெல்லிய வாளால் அறுக்க வேண்டும். முதலில் அறுத்துவிட்டுப் பிறகு நேராக்குவது நடவாத காரியம். தகரக் கூரை மண்டபங்களில் வெப்பம் ஏறும். 20 டிகிரி கூடினால் எட்டடித் தண்டவாளம் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் நீளும். அதற்கும் ஆங்காங்கே சிறிது இடைவெளி விட வேண்டும்.

இனி மின்சாரம். சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட், ஆளைக் கொல்லக்கூடியது. மாதிரி ரயிலுக்கு வேண்டியது 12 வோல்ட் நேர்மின்சாரம்தான். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பெட்டியைக் கடையில் வாங்க வேண்டுமே தவிர, வீட்டில் செய்யக் கூடாது, திறக்கவும் கூடாது. இன்னொன்றையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். ஒரு பலகையிலிருந்து மறு பலகைக்கு ஒயர் செல்லும் இடத்தில், கையில் இருக்கிறதே என்று வீட்டு மூன்று முனைப் பிளக்கைப் போட்டுவிடாதீர்கள். என்றைக்காவது ஒரு சிறுபிள்ளை அதைக் கொண்டுபோய்ச் சுவரில் செருகிவிடும். அப்புறம் தண்டவாளம் முழுவதும் 230 வோல்ட்.

தண்டவாளங்கள் இரண்டில் ஒன்றுக்கு நேர் முனை, மற்றொன்றுக்கு எதிர் முனை. ஒரு பக்கச் சக்கரங்கள் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்க, மறுபக்கச் சக்கரங்கள் திருப்பி அனுப்புகின்றன. முனைகளை மாற்றினால் இஞ்சின் பின்னோக்கி ஓடும். வோல்ட்டைக் குறைத்தால் வேகம் குறையும். இவ்வளவுதான் அடிப்படை. இக்காலத்தில் ஒவ்வோர் இஞ்சினுக்கும் தனி எண் கொடுத்து ஓட்டும் டிஜிட்டல் முறை வந்திருக்கிறது. ஆனால் முதல் பாதையைக் கட்டுகிறவர்களுக்குப் பழைய முறையே போதும், செலவும் குறைவு.

தண்டவாளத் துண்டுகளைச் சிறிய இணைப்புத் தகடுகள் ஒன்றோடொன்று சேர்க்கின்றன. மின்சாரமும் அந்தத் தகடு வழியாகத்தான் கடந்து செல்கிறது. புதிதாக இருக்கையில் நன்றாகவே செல்லும். நாளடைவில் தூசி, ஈரக்காற்று, களிம்பு எல்லாம் சேர்ந்து வழியை அடைக்கும். ஆகவே அனுபவசாலிகள் தகட்டை நம்புவதில்லை. பலகைக்கு அடியில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்றாகத் தடித்த ஒயர்கள் இரண்டைக் கோடி முதல் கோடி வரை இழுப்பார்கள், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளமாகப் போதும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயரை இறக்கி அதனோடு சேர்ப்பார்கள். பற்றவைக்கும்போது தகர வேலைக்காரர்கள் பயன்படுத்தும் திராவகத்தைத் தொடக் கூடாது. சில மாதங்களில் செம்புக் கம்பி பச்சை பூத்து அற்றுப்போகும். மின் வேலைக்கென்று விற்கும் பிசின் கலந்த ஈயமே ஏற்றது.

பாதை பிரியும் இடத்தைப் பாயின்ட் என்பார்கள். அதைத் திருப்புவதற்குச் சுருள் வைத்த மோட்டார் உண்டு. அதன் பொத்தானை ஒரு கணம் அழுத்தி விட்டுவிட வேண்டும். அழுத்தியபடியே இருந்தால் சில விநாடிகளில் சுருள் கருகிவிடும். நாங்கள் மோட்டாரே வைக்கவில்லை. சைக்கிள் கம்பி ஒன்றை நீட்டிக் கையால் இழுத்தோம்.

இப்பொழுது நின்றுபோன ரயிலுக்கு வருவோம்.

எங்களிடம் மின்சாரம் அளக்கும் மீட்டர் ஒன்று இருந்தது. ரயில் நின்ற இடத்தில் அதை வைத்துப் பார்த்தோம்; 12 வோல்ட் காட்டியது. தைப்பிங்கிலும் 12, போர்ட் வெல்டிலும் 12. “மின்சாரம் சரியாக இருக்கிறது, இஞ்சின்தான் கெட்டுப்போய்விட்டது” என்று எங்களில் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆனால் அதே இஞ்சினைத் தூக்கித் தைப்பிங்கில் வைத்தால் ஓடியது!

இது எப்படி? லயத்துப் பொதுக் குழாயை நினைத்துப் பாருங்கள். உள்ளே பாசி பிடித்துப் பாதி அடைபட்ட குழாய். அதன் வாயை விரலால் இறுக மூடினால், தண்ணீர் விரலை முழு வேகத்தோடு தள்ளும். அடைப்பு இருப்பதே தெரியாது. விரலை எடுத்துவிட்டுக் குடத்தை வைத்தால் நூல் மாதிரிதான் வடியும். மீட்டர் அந்த விரலைப் போன்றது. அது மின்சாரத்தைச் செலவழிப்பது மிக மிகக் குறைவு. ஆகவே கெட்டுப்போன இணைப்புக்கு அப்பாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். இஞ்சின் குடத்தைப் போன்றது. அதற்கு ஓட்டம் வேண்டும்.

அந்தப் பையன்தான் வழி சொன்னான். “ஐயா, மீட்டர் வேணாம். பல்பு வெச்சுப் பார்ப்போம்” என்றான். மோட்டார் சைக்கிளின் மீட்டருக்குள் எரியும் 12 வோல்ட் குட்டிப் பல்பு ஒன்றை வாங்கி வந்து, இரண்டு துண்டு ஒயரைப் பற்றவைத்தான். பல்பு மின்சாரத்தைக் குடிக்கிற பொருள். வழி நன்றாக இருந்தால் பளிச்சென்று எரியும். வழி அடைபட்டிருந்தால் மங்கும்.

எங்கள் பாதையில் 14 துண்டுகள், பலகைக்கு ஏழாக. ஒவ்வோர் இணைப்பாகத் தடவிக்கொண்டு போயிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். அவன் பாதி பாதியாகப் பார்த்தான். முதலில் இரண்டாம் பலகையின் தொடக்கத்தில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் முதல் பலகைக்கு அடியிலுள்ள ஒயர்களும், பலகைகளுக்கு இடையிலுள்ள பிளக்கும் குற்றமற்றவை. அவற்றைப் பற்றி இனி நினைக்கவே வேண்டாம். அடுத்து இரண்டாம் பலகையின் நான்காம் துண்டு. அதுவும் எரிந்தது. ஆறாம் துண்டில் மங்கியது. ஐந்தாம் துண்டில் எரிந்தது. நான்கே சோதனைகள்; கோளாறு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். இரண்டு தண்டவாளங்களில் எது? பல்பின் ஒரு முனையை ஐந்தாம் துண்டிலேயே நிறுத்தி, மறு முனையை ஆறாம் துண்டின் எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் வைத்தான். இப்படி மாற்றி மாற்றி வைத்ததில் கடல் பக்கத்துத் தண்டவாளம் அகப்பட்டது.

தகட்டைக் கழற்றினோம். உள்ளே பழுப்பு நிறச் சாயம்! கண்காட்சிக்கு முதல் நாள் இரவு, தண்டவாளம் புதிதாய்ப் பளபளக்கிறதே, துருப்பிடித்த மாதிரி இருந்தால் அழகாக இருக்கும் என்று அதன் பக்கங்களுக்குச் சாயம் பூசியவர்கள் நாங்கள். அது தகட்டுக்குள் கசிந்து உலர்ந்துவிட்டது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஒயர் இறக்க வேண்டும் என்று அந்தப் பையன் முதலிலேயே கேட்டிருந்தான். ஒயர் போதாது, பலகைக்கு ஒரு ஜோடி போதும் என்று நாங்கள்தான் தடுத்துவிட்டோம். இரண்டு அங்குல ஒயரை இணைப்பின் குறுக்கே பற்றவைத்ததும் ரயில் போர்ட் வெல்டுக்குள் நுழைந்தது. இந்த விவரத்தை அவனுடைய தாயாரிடம், குரல் கேட்ட அதே கூட்டத்தின் முன்னால், நாங்களே சொன்னோம்.

மற்றக் கோளாறுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மின்பெட்டி தானாகவே அணைந்து அணைந்து விட்டால், நேர் முனையும் எதிர் முனையும் எங்கோ தொடுகின்றன என்று பொருள். முதலில் எல்லா வண்டிகளையும் தூக்கிவிடுங்கள். பெரும்பாலும் தடம் புரண்ட சக்கரமாகவோ, கீழே விழுந்த ஆணியாகவோ இருக்கும். அப்படியும் தீராவிட்டால் பலகைகளின் பிளக்கைப் பிரித்து, எந்தப் பாதியில் என்று பாருங்கள். பாதை ஒரு வளையமாகத் திரும்பி, வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் மீண்டும் சேர்ந்தால், நேரும் எதிரும் அங்கே மோதும். அந்த வளையத்தின் இரு முனைகளிலும் தண்டவாளங்களைத் துண்டித்துத் தனி சுவிட்ச் வைக்க வேண்டும்.

ரயில் விட்டு விட்டு ஓடினால் தண்டவாளத்தின் மேல் கறுப்புப் படலம் படிந்திருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். நல்லெண்ணம் கொண்ட தாத்தா ஒருவர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, எண்ணெயை வாங்கி ஒளித்துவைத்தோம். ஜல்லிக்காகச் சலித்த மணலையும் ஒரு தாளின் மேல் பரப்பி, அடியில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். இரும்புத் துகள் இருந்தால் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும்.

ஒயர்களின் வரைபடத்தைப் பலகைக்கு அடியிலேயே ஒட்டிவைப்பது பெரிய உதவி. அந்தப் பையன் மறு வாரம் ஒவ்வொரு துண்டுக்கும் ஒயர் இறக்கி, படத்தையும் புதிதாக வரைந்து ஒட்டினான். பழைய படத்தின் மேல் பழுப்புச் சாயத்தில் ஒரு விரல் ரேகை இருந்தது. அது எங்களில் யாருடையது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மாலை நான்கு மணி வரை ரயில் ஓடியது. இடையில் இரண்டே முறைதான் நின்றது. ஒரு முறை சக்கரத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளையின் தலைமுடி சுற்றிக்கொண்டது. மறுமுறை நின்றபோது பையன் பல்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். மண்டபத்து விசிறியும் சேர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, பல்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். தோட்டம் முழுவதுமே மின்சாரம் போய்விட்டிருந்தது.