சேலைக்கு ஒண்ணு, சிலைக்கு ஒண்ணு

கேனான் 5டிஎஸ், 5டிஎஸ் ஆர். 2015-ல் ஜோடியாக வந்தவை. ரெண்டிலும் அதே 50.6 மெகாபிக்சல் சென்சார். அமெரிக்க விலையில் ஆர் மட்டும் 200 டாலர் கூட. இப்போ செகண்ட் ஹேண்டில் தேடும்போதும் எதை எடுக்கறதுன்னு குழப்பம் வருது. எனக்கு ரெண்டு வேலை இருந்தது: தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் கெட்டி முதலிகள் காலத்துக் கல் சங்கிலியைப் பெரிய பிரிண்ட்டாகப் போடணும், இளம்பிள்ளையில் தறி வைத்திருக்கும் மாமாவுக்குச் சேலைப் படங்கள் வேணும்.

வித்தியாசம் சென்சாருக்கு முன்னால் இருக்கும் லோ-பாஸ் ஃபில்டரில். அது ஒளியை மயிரிழை பிரித்து, படத்தைக் கொஞ்சம் மழுக்கும். ஆர்-ல் அதை எடுத்துவிடவில்லை. ஒரு அடுக்கு பிரித்ததை இன்னொரு அடுக்கு திரும்பச் சேர்த்துவிடுகிறது. 2012-ல் நிக்கான் டி800, டி800இ ஜோடியிலும் இதே கதைதான்.

வேணும்னே ஏன் மழுக்கணும்? டிவி திரையை மொபைலில் படம் எடுத்தால் அலை அலையாகக் கோடு வருமே, அதுக்காகத்தான். பாவும் ஊடையும் ஒழுங்கான கோடுகள், பிக்சலும் ஒழுங்கான வரிசை. ரெண்டின் இடைவெளியும் நெருங்கி வந்தால் இல்லாத கோடுகள் முளைக்கும். பெயர் மொய்ரே. இரவல் வாங்கிய ஆர்-ல் வெண்பட்டை எடுத்து, சரியாப் பார்க்காமல் மூணடிக்கு பிரிண்ட்டும் போட்டேன். "இந்தக் கலரு நாம போடவே இல்லையே மாப்ள" என்றார் மாமா. பிரிண்ட் காசு என் தலையில்.

கல்லில் இந்தத் தொல்லை அனேகமாக இல்லை; உளித்தடம் ஒழுங்கற்றது. அப்போ சிலைக்கு ஆர்-தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சங்கிலியின் முன்வளையமும் பின்வளையமும் சேர்ந்து தெளியணும்னா எஃப்/11 வைக்கணும். அங்கே ஒரு ஒளிப்புள்ளி டிஃப்ராக்‌ஷனால் சுமார் 15 மைக்ரான் வட்டமாகப் பரவிவிடும். இந்த சென்சாரில் பிக்சல் அளவு 4.14 மைக்ரான்தான். ஆர் மிச்சம் பிடித்த கூர்மையில் பெரும்பகுதி அதிலேயே போயிடும். எஃப்/5.6-ல் ஃபோகஸை நகர்த்திப் பல படம் எடுத்துச் சேர்த்தால் ஆர்-க்கு அர்த்தம் உண்டு.

பிரிண்ட் கணக்கு: 8688 பிக்சல் அகலம், 60 அங்குலத்துக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 145. ஒரு கலைநிமிடம் பிரித்தறியும் கண்ணுக்கு ரெண்டடி தூரத்தில் அதுவே போதும். 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4-க்குத் தாவினாலும் 9504, அதாவது அகலத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே.

ஆர் இல்லாததையே வாங்கினேன். மிச்சக் காசில் கனமான டிரைபாட். கோயிலில் அதை விரிக்க முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கணும்.